சமவெளியில் இடிமேகம் துரத்திப் படம் எடுப்பது: முழுமையான வழிகாட்டி

புயல் துரத்தல் என்றாலே டொர்னேடோ எனும் சுழல்காற்றுக்குள் காரை விடுவது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். யூடியூப் காணொளிகளின் கைங்கரியம் அது. உண்மையில் நல்ல படங்களோடு வீடு திரும்புகிறவர்கள், மேகத்திலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர் தள்ளி, வண்டியைச் சாலை ஓரமாக நிறுத்திவிட்டு, முழு மேகமும் ஃபிரேமுக்குள் வரும்படி நின்று எடுப்பவர்கள்தான். கிட்டப் போகப் போகக் கண்ணுக்குத் தெரிவது குறையும். மழைத்திரையும் கறுப்பு அடிப்பாகமும் மட்டுமே மிஞ்சும். ஆகவே இந்த வழிகாட்டியில் பாதிக்கு மேல் கேமராவைப் பற்றி இருக்காது. எங்கே நிற்பது, எப்போது கிளம்புவது என்பதைப் பற்றித்தான் இருக்கும்.

எங்கே, எப்போது

களம் அமெரிக்காவின் பெருஞ்சமவெளி. டெக்ஸஸின் வடகோடியான பேன்ஹேண்டில், ஓக்லஹோமா, கேன்சஸ், நெப்ராஸ்கா, கொலராடோவின் கிழக்குப் பாதி, தெற்கு டகோட்டா. ஏப்ரலில் ஆட்டம் தெற்கே தொடங்கும். மே மாதம் ஓக்லஹோமாவிலும் கேன்சஸிலும் உச்சம். ஜூனில் ஜெட் ஸ்ட்ரீம் என்ற உயரத்து வேகக்காற்று வடக்கே ஏறுவதால் நெப்ராஸ்கா, கொலராடோ, டகோட்டா பக்கம் போக வேண்டும். பத்து நாள் விடுப்புதான் கிடைக்கும் என்றால் மே கடைசி வாரத்தையும் ஜூன் முதல் வாரத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். டாலஸ், ஓக்லஹோமா சிட்டி, டென்வர் மூன்றில் எந்த விமான நிலையத்தில் இறங்கினாலும் சரி. ஒரே நாளில் களத்துக்குப் போய்விடலாம்.

பொதுவாக ஐ-35 நெடுஞ்சாலைக்கு மேற்கேயே இருங்கள். கிழக்கே போகப் போக மரமும் மேடும் பள்ளமுமாக இருக்கும். மேகம் தலைக்கு மேலே வரும்வரை அடிப்பாகம் தெரியாது. மேற்கே கோதுமை வயலும் புல்வெளியும்தான். 50 கிலோமீட்டர் தூரத்து மேகம்கூட அடி முதல் முடி வரை தெரியும்.

முதல் வருடம் தனியாகப் போகாதீர்கள். பழக்கப்பட்டவரோடு போங்கள், அல்லது கட்டணம் வாங்கிக்கொண்டு அழைத்துப்போகும் குழுக்களில் சேருங்கள். அமெரிக்க வானிலைச் சேவை நடத்தும் ஸ்கைவார்ன் பயிற்சி இலவசம். சில மணி நேர வகுப்புதான், ஆனால் எந்த மேகத்தைப் பார்த்து ஓட வேண்டும் என்பது அதிலேயே புரிந்துவிடும்.

மேகம் ஏன் எழுகிறது

நான்கு விஷயங்கள் ஒரே இடத்தில், ஒரே பிற்பகலில் கூட வேண்டும். முதலாவது ஈரம். மெக்சிகோ வளைகுடாவிலிருந்து தென்கிழக்குக் காற்று கொண்டுவருவது. டியூ பாயிண்ட், அதாவது காற்றின் ஈரம் பனித்துளியாகும் வெப்பநிலை, 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் நல்ல அறிகுறி. கொலராடோவின் கிழக்குப் பகுதி 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் அங்கே 50-களே போதும். புதிதாக வருகிறவர்கள் இது தெரியாமல் அந்தப் பக்கத்தை ஒதுக்கிவிடுவார்கள்.

இரண்டாவது நிலையின்மை. கீழே சூடும் ஈரமும், மேலே குளிரும். இதை அளக்கும் எண்ணுக்குக் கேப் என்று பெயர். அது கிலோவுக்கு 2,000 ஜூலுக்கு மேல் போனால் மேகம் வேகமாக எழும். மூன்றாவது விண்ட் ஷியர், அதாவது உயரம் கூடக் கூடக் காற்றின் திசையும் வேகமும் மாறுவது. தரையில் தென்கிழக்குக் காற்று, ஆறு கிலோமீட்டர் உயரத்தில் வேகமான மேற்குக் காற்று; இரண்டுக்கும் வித்தியாசம் 40 நாட் (மணிக்குச் சுமார் 74 கிலோமீட்டர்) அளவுக்கு இருந்தால் மேகம் மொத்தமாகச் சுழலத் தொடங்கும். அதுதான் சூப்பர்செல். ஷியர் இல்லாத நாளில் மேகம் எழும், தன் மழையிலேயே நனைந்து ஒரு மணி நேரத்தில் அடங்கிவிடும். சூப்பர்செல்லிலோ மழை ஒரு பக்கம் விழும், ஏறுகாற்று இன்னொரு பக்கம் இருக்கும். அதனால் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். நமக்குப் படம் கிடைப்பதும் அதனால்தான்.

நான்காவது தூண்டுதல். நியூ மெக்சிகோ பக்கத்து வறண்ட காற்றும் வளைகுடாவின் ஈரக்காற்றும் சந்திக்கும் கோட்டுக்கு டிரைலைன் என்று பெயர். பெரும்பாலான பிற்பகல்களில் அந்தக் கோட்டை ஒட்டித்தான் முதல் மேகம் எழும்பும்.

இவை எல்லாம் இருந்தும் ஒன்றும் நடக்காத நாள் உண்டு. ஒன்றிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வெதுவெதுப்பான காற்றடுக்கு ஒன்று மூடியாக உட்கார்ந்திருக்கும். அது உடையாவிட்டால் அன்று முழுக்க நீல வானம்தான். 800 கிலோமீட்டர் ஓட்டி வந்து, வெயிலில் வெந்து, வெறுங்கையோடு மோட்டலுக்குத் திரும்புவது இந்தப் பொழுதுபோக்கில் சாதாரணம். அந்த மூடி சுத்தமாக இல்லாவிட்டாலும் ஆபத்துதான். காலை 11 மணிக்கே எல்லா இடத்திலும் மேகம் கிளம்பி, ஒன்றையொன்று கெடுத்து, வெறும் சாம்பல் நிற மழையாகிவிடும்.

துரத்தும் நாளின் காலை

ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் இருக்கும் புயல் கணிப்பு மையத்தின் அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். காலை 8 மணி, 11.30, பிற்பகல் 3 மணி என்று நாள் முழுக்கப் புதுப்பிப்பார்கள். வரைபடத்தில் ஆபத்து குறைவிலிருந்து கூடுதல் வரை ஐந்து படிகள்: மார்ஜினல், ஸ்லைட், என்ஹான்ஸ்டு, மாடரேட், ஹை. எல்லோரும் நிறத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். நிறத்துக்குக் கீழே இருக்கும் உரையைப் படியுங்கள். மூடி உடையுமா, எத்தனை மணிக்கு, மேகம் தனித்தனியாக நிற்குமா வரிசையாகச் சேர்ந்துவிடுமா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும்.

படம் எடுக்க வருகிறவருக்கு ஹை நாளை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். அன்று மேகங்கள் மணிக்கு 80, 90 கிலோமீட்டரில் ஓடுவது சகஜம். நின்று முக்காலி விரிக்க நேரமிருக்காது. சாலையெல்லாம் வண்டிகள் வேறு. கிழக்குக் கொலராடோவிலோ நெப்ராஸ்காவின் மேற்கிலோ ஒரு ஸ்லைட் நாள், மெதுவாக நகரும் ஒற்றை மேகம், மாலை வெயில். இது கிடைத்தால் விடாதீர்கள்.

அடுத்து மாடல், அதாவது கணினி போடும் வானிலைக் கணிப்பு. எச்ஆர்ஆர்ஆர் என்ற மாடல் 3 கிலோமீட்டர் கட்டங்களில் கணக்கிட்டு ஒவ்வொரு மணி நேரமும் புதிதாக வரும். அது காட்டும் மேகம் அதே ஊரில் எழும் என்று நம்ப வேண்டாம். அடுத்தடுத்து வரும் நான்கைந்து கணிப்புகளும் ஒரே வட்டாரத்தைக் காட்டுகின்றனவா என்று மட்டும் பாருங்கள். காலையில் பறக்கவிடும் வானிலை பலூனின் அளவீட்டில் மூடி எவ்வளவு பலமாக இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். முந்தின இரவு மழை விட்டுச்சென்ற குளிர்காற்றின் எல்லை சாட்டிலைட் படத்தில் மெல்லிய மேகக்கோடாகத் தெரியும். டிரைலைன் அந்தக் கோட்டை வெட்டும் இடத்தின் மேல் ஒரு கண் இருக்கட்டும்.

இதையெல்லாம் வைத்து ஒரு ஊரை இலக்காக வைத்துக்கொண்டு, பிற்பகல் 2 மணிக்குள் அங்கே போய்விடுங்கள்.

வண்டியில் என்ன

பெட்ரோல் பாதிக்குக் கீழே இறங்கவே கூடாது. நெப்ராஸ்காவின் மணல்மேட்டுப் பகுதியில் ஒரு பங்க்குக்கும் அடுத்ததற்கும் நடுவே ஒரு மணி நேர ஓட்டம் இருக்கும்; செல்போன் சிக்னலும் அங்கே கைவிரித்துவிடும். ஆகவே வரைபடத்தை முன்கூட்டியே இறக்கிவைத்துக்கொள்ளுங்கள், கூடவே மாநிலத்தின் அச்சு வரைபடம் ஒன்று. ரேடாருக்கு ரேடார்ஸ்கோப் செயலி பலரும் வைத்திருப்பது. வானிலை எச்சரிக்கைகளைத் தரும் சின்ன ரேடியோ ஒன்று, முதலுதவிப் பெட்டி, ஸ்டெப்னி, நிறையத் தண்ணீர். வாடகை வண்டி என்றால் ஆலங்கட்டிச் சேதத்துக்குக் காப்பீடு உண்டா என்று எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு விஷயம் நம்மவர்களுக்கு முக்கியம். சிற்றூர்களில் இரவு 9 மணிக்கு மேல் எதுவும் கிடைக்காது. கிடைத்தாலும் மாட்டிறைச்சி பர்கர்தான். டாலஸிலிருந்து நாங்கள் கிளம்பும்போது புளியோதரை கட்டாமல் போனதில்லை.

மேகம் எழுந்ததும்

பிற்பகல் நான்கு மணி வாக்கில் மேற்கே காலிஃபிளவர் மேகங்கள் எழும்பும், சரியும், மறுபடி எழும்பும். ஓரம் கத்தியால் நறுக்கியதாகக் கூர்மையாக இருந்தால் அது பலமானது. பஞ்சாகப் பிரிந்து கரைந்தால் மூடி இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது. பல மேகம் எழுந்தால் தெற்கு ஓரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அதற்குத் தெற்கே போட்டி இல்லை, சுத்தமான ஈரக்காற்று தடையில்லாமல் வரும்.

இனி முக்கியமான பாடம். வழக்கமான சூப்பர்செல் வடகிழக்கு நோக்கி நகரும். மழையும் ஆலங்கட்டியும் அதன் வடக்கிலும் வடகிழக்கிலும் கொட்டும். ஏறுகாற்று இருக்கும் அடிப்பாகம் தென்மேற்கு முனையில்: மழையில்லாத, இருண்ட, தட்டையான பகுதி. டொர்னேடோ வந்தால் பெரும்பாலும் அங்கேதான் இறங்கும். அந்த அடிப்பாகத்துக்குத் தென்கிழக்கே ஐந்து முதல் எட்டு கிலோமீட்டர் தள்ளி நீங்கள் நிற்க வேண்டும், தெற்கே போக ஒரு தார்ச்சாலை கையில் இருக்கும்படி. அங்கிருந்து வடமேற்கே பார்த்தால் மேகத்தின் பின்னால் மாலை வெளிச்சம் இருக்கும், கறுப்பு மேகம் பளிச்சென்று பிரிந்து தெரியும். ஜூன் மாதத்தில் மேகங்கள் தென்கிழக்கே நகரும் நாட்கள் உண்டு. அன்று நீங்கள் நின்ற இடமே அதன் பாதை. எந்த ஊர் பக்கம் நகர்கிறது என்று ரேடாரில் பார்த்துவிட்டே இடத்தை முடிவு செய்யுங்கள்.

வடக்கிலிருந்து வருகிறீர்கள், மேகம் உங்களுக்கும் அந்த நல்ல இடத்துக்கும் நடுவில் இருக்கிறது. மழைக்குள் புகுந்து மறுபக்கம் போய்விடலாம் என்று தோன்றும். வேண்டாம். உள்ளே ஆலங்கட்டி விழும், எதிரே என்ன இருக்கிறது என்று தெரியாது, வெளியே வரும் இடம் நேரே டொர்னேடோவின் முன்னால் இருக்கலாம். 2010 ஜூலை 23 அன்று தெற்கு டகோட்டாவின் விவியனில் விழுந்த ஆலங்கட்டி 8 அங்குல விட்டம், கிட்டத்தட்ட 880 கிராம். சுற்றிக்கொண்டு போங்கள். நேரமில்லை என்றால் அந்த மேகத்தை விட்டுவிடுங்கள்.

ரேடார் திரையில் தெரிவது சில நிமிடம் பழைய படம். மணிக்கு 60 கிலோமீட்டரில் நகரும் மேகம் ஐந்து நிமிடத்தில் ஐந்து கிலோமீட்டர் வந்துவிடும். சுழற்சியைக் காட்டும் கொக்கி மாதிரி வளைவு திரையில் வடக்கே இருக்கிறது என்பதற்காக அது இப்போதும் அங்கேயே இருக்கும் என்று எண்ணக்கூடாது. கண்ணையும் தோலையும் நம்புங்கள். முதுகில் வெதுவெதுப்பான ஈரக்காற்று மோதி மேகத்தை நோக்கி ஓடுகிறது, கோதுமைக் கதிர்கள் எல்லாம் மேகத்தின் பக்கமே சாய்கின்றன என்றால் மேகம் மூச்சு இழுக்கிறது, இடம் சரி. திடீரென்று காற்று நின்று, மேகத்திலிருந்து குளிர்க்காற்று முகத்தில் அடித்தால் நிலைமை மாறுகிறது; முக்காலியை மடக்குங்கள். டொர்னேடோ இடப்பக்கமோ வலப்பக்கமோ நகராமல் பருத்துக்கொண்டே போனால் அது உங்களை நோக்கித்தான் வருகிறது.

சமவெளிச் சாலைகள் ஒவ்வொரு மைலுக்கும் ஒன்று என்று கட்டம் கட்டமாக இருப்பதால் எங்கும் தப்பிவிடலாம் போலத் தோன்றும். பாதி மண்சாலை. மழை விழுந்த பத்து நிமிடத்தில் ஓக்லஹோமாவின் செம்மண் சேறாகி வண்டியைப் பிடித்துக்கொள்ளும். நனைந்த மண்சாலைக்குள் திரும்பவே திரும்பாதீர்கள். ரெட், கனேடியன், சிமரோன் ஆறுகளைக் கடக்கப் பாலங்கள் குறைவு. பாலம் எங்கே என்று முன்பே குறித்து வையுங்கள்.

2013 மே 31 அன்று ஓக்லஹோமாவின் எல் ரீனோவில் என்ன நடந்தது என்று ஒவ்வொரு துரத்துநரும் படித்திருக்க வேண்டும். முதலில் தென்கிழக்கே நகர்ந்த டொர்னேடோ வடகிழக்கே திரும்பி வேகமெடுத்தது, சில நிமிடங்களில் 4.2 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரந்தது. பதிவானவற்றிலேயே அகலமானது அதுதான். மழை சுற்றியிருந்ததால் ஓரம் எது என்று பார்க்க முடியவில்லை. டிம் சமராஸ், அவர் மகன் பால் சமராஸ், கார்ல் யங் மூவரும் அதில் இறந்தார்கள். டிம் சமராஸ் சாகசத்துக்காக வந்தவர் அல்ல. 2003-ல் தெற்கு டகோட்டாவின் மான்செஸ்டரில் டொர்னேடோவின் பாதையில் கருவியை வைத்து, 100 மில்லிபார் அழுத்த வீழ்ச்சியை அளந்த பொறியாளர். அவருக்கே தப்பும் நேரம் கிடைக்கவில்லை.

ஆனால் சாலைதான் இந்தத் துறையில் அடிக்கடி உயிர் வாங்குகிறது. 2017 மார்ச்சில் டெக்ஸஸின் ஸ்பர் அருகே ஒரு கிராமச் சந்திப்பில் வண்டிகள் மோதி மூன்று துரத்துநர்கள் இறந்தார்கள். 2022 ஏப்ரலில் கேன்சஸில் டொர்னேடோ பார்த்துவிட்டுத் திரும்பிய ஓக்லஹோமா பல்கலைக்கழக மாணவர்கள் மூவர் ஈரச்சாலையில் நடந்த விபத்தில் போய்விட்டார்கள். ஓட்டுபவர் ஓட்டட்டும், பக்கத்தில் இருப்பவர் ரேடார் பார்க்கட்டும். நிறுத்தினால் வெள்ளைக் கோட்டுக்கு வெளியே முழுதாக நிறுத்துங்கள். வேலிக்குள் கால் வைக்காதீர்கள். அது யாரோ ஒரு விவசாயியின் நிலம்.

கேமரா

இரண்டு கேமரா பாடி இருந்தால் நல்லது. புழுதியிலும் தூறலிலும் லென்ஸ் மாற்றுவது சென்சருக்குக் கேடு. ஒன்றில் 16-35 மில்லிமீட்டர் லென்ஸ், இன்னொன்றில் 70-200 போதும். சூப்பர்செல்லின் உடலை எடுக்க 14 அல்லது 16 மில்லிமீட்டர் வேண்டும். மழை குறைந்த ரகமாக இருந்தால் இட்லித் தட்டுகளை அடுக்கியது போல மேகம் அடுக்கடுக்காகச் சுழன்று நிற்கும், அது முழுதும் உள்ளே வர வேண்டும்.

இப்போது கையோடு செய்ய வேண்டியவை. ரா கோப்பாக, அதாவது கேமரா திருத்தாத மூலக்கோப்பாக எடுங்கள். மேகத்தின் மென்மையான பரப்பில் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். தூரத்து மின்கம்பத்தின் மேல் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவலுக்கு மாற்றிவிடுங்கள். ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் நிறுத்துங்கள். ஆட்டோவில் விட்டால் ஆலங்கட்டி மேகத்தின் அந்தப் பச்சை கலந்த நீலத்தைக் கேமரா தானே 'சரி' செய்து சாம்பலாக்கிவிடும். பகலில் எஃப்/8, ஐஎஸ்ஓ 100 அல்லது 200. மேற்கே வானம் வெளுத்துவிடாமல் எக்ஸ்போஷரைக் குறைத்து வையுங்கள். கறுத்த நிலத்தை ரா கோப்பிலிருந்து மீட்டுக்கொள்ளலாம், வெளுத்துப்போன வானத்தை மீட்க வழியில்லை. நகரும் டொர்னேடோவைக் கையில் பிடித்து எடுத்தால் நொடியில் 250-ல் ஒரு பங்குக்குக் குறைய வேண்டாம், ஐஎஸ்ஓ ஏறினால் ஏறட்டும்.

மேகம் இழுக்கும் காற்று முக்காலியைச் சாய்த்துவிடும். நடுத்தண்டை உயர்த்தாதீர்கள், கால்களை அகல விரித்துத் தாழ வையுங்கள், வண்டியின் மறைவில் வையுங்கள். கனமான பையைக் கொக்கியில் தொங்கவிட்டால் அதுவே ஆடி ஆட்டத்தைக் கூட்டும். பை தரையைத் தொட்டுக்கொண்டிருக்கட்டும்.

வானம் மட்டும் இருக்கும் படத்தில் அளவு புரியாது. தானியக் கோபுரம், தண்ணீர் இறைக்கும் காற்றாலை, ஒற்றை மரம், நேராக ஓடும் சாலை ஏதாவது ஒன்றைக் கீழே வையுங்கள். மின்கம்பி எல்லா இடத்திலும் குறுக்கே வரும். சாலையின் எந்தப் பக்கம் கம்பி ஓடுகிறது என்று பார்த்து, அது முதுகுக்குப் பின்னால் இருக்கும் பக்கமாக நில்லுங்கள். மேகம் ஃபிரேமுக்குள் அடங்காவிட்டால் கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பாதிக்குப் பாதி மேல்விழும்படி வேகமாகப் பல படங்கள் எடுத்து ஒட்டலாம். மேகம் சுழல்வதால் தாமதித்தால் ஒட்டாது. டைம்லாப்ஸுக்கு இரண்டு மூன்று விநாடிக்கு ஒரு படம், எல்லாமே மேனுவலில்.

மேகம் உங்களைக் கடந்து கிழக்கே போன பிறகு உடனே கிளம்பிவிடாதீர்கள். சூரியன் மறையும் நேரத்தில் அதன் பின்பக்கம் முழுக்க ஆரஞ்சாகும், அன்வில் என்ற தட்டையான உச்சியின் அடியில் மாமட்டஸ் மேகங்கள் குமிழ் குமிழாகத் தொங்கும், சில நேரம் வானவில்லும் சேரும். டொர்னேடோ வேட்டைக்காரர்கள் அதற்குள் அடுத்த ஊருக்குப் பறந்திருப்பார்கள்.

மின்னல்

மின்னலின் பிரகாசத்தை ஷட்டர் வேகம் தீர்மானிப்பதில்லை, லென்ஸின் துளையும் ஐஎஸ்ஓவும்தான். மின்னல் மிகச் சிறிய பொழுதில் முடிந்துவிடுவதால் ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருந்தாலும் அதன் வெளிச்சம் அவ்வளவுதான். சுற்றியிருக்கும் வானம்தான் கூடக்குறைய வரும். இரவில் தூரத்து மின்னலுக்கு ஐஎஸ்ஓ 200, எஃப்/5.6, 10 முதல் 20 விநாடி. கிட்டத்தில் விழுந்தால் எஃப்/11 வரை மூடுங்கள். அந்தி நேரம் ஒன்றிரண்டு விநாடி போதும். பகலில் மின்னலைக் கண்டு தானே ஷட்டரைத் திறக்கும் டிரிகர் வேண்டும். எஃப்/11 அல்லது 16-ல் நொடியில் எட்டில் ஒரு பங்கு.

மேகத்திலிருந்து 16 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும். துரத்தும்போது அடிக்கடி எதிர்கொள்ளும் ஆபத்து டொர்னேடோ அல்ல, இதுதான். முக்காலியை வெளியே வைத்துவிட்டு, ரிமோட்டோடு வண்டிக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். இரும்புக்கூரை உள்ள வண்டி காக்கும். வேலிக்கம்பிப் பக்கம் போகவே வேண்டாம்.

இருட்டிய பின்

சூரியன் மறைந்ததும் தெற்கிலிருந்து வரும் தாழ்நிலைக் காற்று வேகமெடுக்கும். சில நாட்களில் டொர்னேடோ அந்த நேரத்தில்தான் தீவிரமாகும். கண்ணுக்குத் தெரியாததைத் துரத்தாதீர்கள். கிழக்கே போகும் மேகத்தின் மின்னலை மேற்கே நின்று எடுத்துக்கொண்டு அன்றைய ஆட்டத்தை முடியுங்கள். திரும்பும் வழியில் மான்கள் சாலையில் நிற்கும், மெதுவாகப் போங்கள்.

பார்த்ததை வானிலைச் சேவைக்குச் சொல்லுங்கள்: இடம், நேரம், ஆலங்கட்டியின் அளவு, எந்தத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். ரேடார் கதிர் தூரம் போகப் போக உயரே போய்விடும். தரையில் என்ன நடக்கிறது என்று சொல்ல அங்கே நிற்கும் மனிதர் வேண்டும். வீடு இடிந்து யாராவது மாட்டிக்கொண்டிருந்தால் கேமராவைப் பையில் போட்டுவிட்டு 911-ஐ அழையுங்கள், முடிந்த உதவியைச் செய்யுங்கள். அடுத்தவர் இடிந்த வீட்டின் முன் நின்று எடுத்த படத்தை நான் ரசித்ததில்லை.

படத்தைத் திருத்தும்போது காண்ட்ராஸ்ட் ஏற்றலாம், நிலத்தைக் கொஞ்சம் வெளிச்சமாக்கலாம். சாச்சுரேஷனை இழுத்து ஊதா நிற மேகம் செய்பவர்களைத் துரத்துநர்கள் ஒரு பார்வையிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். தேதி, ஊர், பார்த்த திசை மூன்றையும் ஒவ்வொரு கோப்போடும் அன்றிரவே எழுதிவிடுங்கள். ஒரு வாரம் கழித்து எந்த வயல் எந்த மாநிலம் என்றே நினைவிருக்காது. பேட்டரியைச் சார்ஜில் போடுங்கள், கார்டுகளை இரண்டு இடத்தில் நகலெடுங்கள். நாளைய இலக்கு 500 கிலோமீட்டர் வடக்கே என்றாலும் இரவே பாதி தூரம் ஓட்டிவிடலாம் என்று கிளம்பாதீர்கள். காலை 8 மணி அறிக்கையைப் பார்த்துவிட்டுப் புறப்பட்டாலும் பிற்பகல் 2 மணிக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.